முகப்பொலிவு பூஜ்ஜியம்

காலை ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடம். கைபேசித் திரையில் நான் முதலில் பார்த்தது ஒரு கை. மைக்கைப் பிடித்திருந்த வலது கை. நகங்கள் ஐந்தும் ஒரே அளவில் வெட்டி மெருகு போட்டவை. மணிக்கட்டு உரித்த பனங்கிழங்கின் நிறம். படத்துக்குக் கீழே எங்கள் டைரக்டர் எழுதியிருந்தார்: "எப்பிடி உண்டு அக்கா? மைனி கலக்கீட்டாங்க இல்லியா?"

அது மைனியின் கை இல்லை.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. ஐம்பத்தாறு வயது. முந்திரித் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர், தொழிற்சாலைக்கு அண்டியாப்பீஸ். வறுத்த கொட்டையைக் கட்டையால் தல்லி ஓட்டை உடைக்கும் பகுதியில் கல்யாணமான வருடத்திலிருந்து உட்கார்கிறார். உடையும்போது ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் தோலைப் பொரித்துவிடும். அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். பூசினாலும் விரல் நுனி கருத்துத் தடிக்கத்தான் செய்யும். மைனியின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அந்தக் கறை தோலாகவே ஆகிவிட்டது. திருவிருந்தில் அப்பம் வாங்கக் கை நீட்டும்போது புதிதாக வந்த போதகர்கள் ஒரு கணம் அதைப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

டைரக்டருக்குப் பதில் எழுதினேன்: "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இது யாருக்க கை?"

டைரக்டர் என்று நாங்கள் கூப்பிடும் ஆளுக்கு அதியன்னூரில் கல்யாண ஸ்டுடியோ. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இந்த இருபது வருடத்தில் தாலி கட்டியவர்களில் பாதிப் பேரை அவர் படம் பிடித்திருப்பார். சினிமா எடுக்க வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. கதையும் எழுதி வைத்திருந்தார். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பு வாசிக்கும் ஒரு பெண். கோயில் திருவிழா, சபைக் கன்வென்ஷன், கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. ஒரு நாள் அவளிடம் கொடுக்கும் ஓர் அறிவிப்பை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடுச்சாலையில் ஜீப்பிலிருந்து இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தப் பெண்ணாக நடிக்க மைனியைக் கேட்டதும் அவர்தான். எங்கள் சபையில் ஞாயிறு அறிவிப்பை வாசிப்பது மைனி. கரண்ட் போனாலும் அந்தக் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ராஜா வேஷம் வருடா வருடம் அவருக்குத்தான். ஆண்களில் அப்படியொரு குரல் யாருக்கும் இல்லை. ராஜாவுக்கு மீசை உண்டு, தாடி உண்டு, காதுவரை இறங்கும் கிரீடம் உண்டு. சொந்த முகத்தோடு நடிக்கச் சொல்லி மைனியை அதுவரை யாரும் கேட்டதில்லை. டைரக்டர் கேட்டபோது அவர் கதைத் தாள்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் டைரக்டர் வீட்டுக்கு வந்தபோது, தேங்காய் துருவிக்கொண்டே முழு வசனத்தையும் தாளைப் பார்க்காமல் சொன்னார். சம்மதம் என்று தனியாக ஒரு சொல் சொல்லவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு தயாரிப்பாளர் கதையைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை பத்து ஸ்டில்லோடு வரச் சொன்னார். எடுக்காத படத்துக்கு ஸ்டில். மைனியை ஜீப்பில் உட்காரவைத்து நாலு படம் பிடித்தால் போதாதா என்று நான் கேட்டேன். டைரக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் எடுத்தா கல்யாண ஆல்பம் மாதிரி ஆயிரும் அக்கா. சினிமா மாதிரி இருக்கணும். அதுக்கு இப்ப ஒரு சாட்பாட் உண்டு. எழுதிக் குடுத்தா ஸ்டில்லா எடுத்துத் தரும். ஆனா சுருக்கமா எழுதணும். எனக்கு எழுதினா நீளும்."

நான் நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தவள். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது என் தினசரி வேலைகளில் ஒன்று. அங்கே படம் முதலில் வரும், வரி பிறகு. இங்கே வரி முதலில் போக வேண்டும். சரி என்றேன்.

டைரக்டர் ஓர் அரட்டைக் குழு தொடங்கினார். அதில் அவர், நான், ஜீப் தருவதாக ஒத்துக்கொண்ட மைக்செட் கடைக்காரர், பிறகு அந்தச் சாட்பாட். மைனியின் மூன்று புகைப்படங்களை ஏற்றி, இதுதான் முகம் என்று அதற்குச் சொல்லிவைத்தோம்.

ஆணைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மற்றதைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம். படிப்பவர்களின் வசதிக்காக இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன். வரியின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு. அதை ஒட்டி, இடைவெளி விடாமல், ஸ்டில் என்ற சொல். பிறகு ஆள், இடம், நேரம், வெளிச்சம், எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்த ஷாட். கடைசியில் 'வேண்டாதவை' என்று எழுதி, படத்துக்குள் வரக்கூடாத பொருள்களை அடுக்க வேண்டும்.

முதலில் எழுதுவதற்கு எடை அதிகம். இது எனக்குப் புதிதல்ல. செய்தியில் முக்கியமானதை முதல் வரியில் சொல்ல வேண்டும், இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். எந்திரமும் கீழிருந்துதான் வெட்டியது. டைரக்டர் தன் வரிகளை 'சூப்பரான' என்று தொடங்குவார். அதனால் அவருக்கு எப்போதும் சூப்பரான வானமும், அதற்குக் கீழே மங்கலாக ஒரு ஜீப்பும் கிடைத்தன.

வேண்டாதவற்றை வாக்கியத்துக்குள் எழுதக்கூடாது. 'பொட்டு இல்லாத பெண்' என்று எழுதினால் பொட்டோடுதான் வருவாள். பத்திரிகையில் மறுப்புச் செய்திக்கும் இதே கதிதான். இன்னார் ஓடிப்போகவில்லை என்று போட்டால் மறுநாள் தேநீர்க் கடையில் ஓடிப்போனதுதான் பேச்சு.

நான் அனுப்பிய முதல் ஆணை இது:

/ஸ்டில் ஐம்பத்தாறு வயதுப் பெண், கருத்த நிறம், கையில் மைக், ஜீப்பின் முன்சீட், பெருங்கடவிளைச் சந்தை, மழை விட்ட காலை, இடுப்பு வரை. வேண்டாதவை: பொட்டு, பூ, பட்டுச்சேலை, படகு

படகைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கேரளம் என்று எங்கேயாவது ஒரு சொல் எழுதினால் பின்னால் ஒரு படகு வீடு மிதக்கும். பெருங்கடவிளைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் படகு வீடு நின்ற ஸ்டில் ஒன்று என்னிடம் இருக்கிறது. தமிழ்ப் பெண் என்று எழுதினால் தலை நிறைய மல்லிகைப்பூ. மைனி பூவும் வைப்பதில்லை, பொட்டும் வைப்பதில்லை. எங்கள் சபையில் அந்த வயதுக்காரர்கள் யாரும் வைப்பதில்லை. கேரளத்துத் தமிழ்ப் பெண் என்று முழுசாக எழுதினேன். எந்திரம் இரண்டு பெண்களை அனுப்பியது, ஒருத்தி கசவுச் சேலையில், இன்னொருத்தி பட்டில். நாங்கள் இங்கே ஒரே உடம்பில்தான் இருக்கிறோம், தலைமுறை தலைமுறையாக.

மைக்செட் கடைக்காரருக்குச் சாய்கோட்டில் நம்பிக்கை இல்லை. "அண்ணா, நம்ம ஜீப்புக்கு ஒரு பச்சை பெயிண்ட் அடிச்சுத் தரணும் கேட்டியளா" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார். சாய்கோடு இல்லாத வரியை எந்திரம் கண்டுகொள்ளாது. அரை மணி கழித்து மறுபடியும் எழுதுவார்: "என்ன மக்கா, பெணக்கமா?"

படகு போயிற்று, பூ போயிற்று, சந்தை சந்தையாக வந்தது. மைனி மட்டும் வரவில்லை. எத்தனை முறை எழுதினாலும், வயதை முதலில் போட்டாலும், நிறத்தை முதலில் போட்டாலும், வந்தவள் முப்பது வயதுக்காரி. மூக்கும் தாடையும் மைனியுடையவை. நிறம் வேறு, கழுத்து வேறு, கை வேறு. எந்திரத்தை எவனோ எங்கேயோ உட்கார்ந்து இப்படிப் பழக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன; நானே ஒன்றிரண்டைத் திருத்திப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

காலையில் அந்தக் கையைப் பார்த்த அன்று சாயங்காலம், கைபேசியோடு மைனியின் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து, நைட்டியும் தோளில் தோர்த்துத் துண்டுமாகத் துவைகல்லில் உட்கார்ந்து, விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். படங்களைக் காட்டினேன்.

"இது ஆருடி?"

"நீங்கதான் மைனி."

"நானா? எனக்க கல்யாணத்துக்கே நான் இப்பிடி இருந்ததில்ல." அடுத்த படத்துக்குத் தள்ளச் சொன்னார். "மூக்கு எனக்க மூக்குதான். மூக்கை மட்டும் களவாண்டு எவளுக்கோ வெச்சிருக்கு."

அடுத்தது அந்தக் கை. திரையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது அண்டி தல்லின கையா? அண்டியைக் கண்ணால கண்ட கையா? பிடிச்சிருக்கியதைப் பாரேன், ஐஸ்கிரீமைப் பிடிச்ச மாதிரி."

நான் சிரித்தேன். மைனியும் சிரித்தார். பிறகு தோர்த்தில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"மக்கா, எனக்க மொகம் வேண்டாம்னா அவன் நேர சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் போய்க் கேக்கல்லியே. அவனாக்கும் வந்து கேட்டது."

"அவரு செய்யல்ல மைனி. எந்திரம் செய்யுது."

"எந்திரத்துக்கு என்னை எங்க தெரியும்? என்னைத் தெரியாததுக்கு என்னை வெளுப்பிக்க என்ன தேவை?"

அதை ஒரு கோபப் பேச்சாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது ஒரு கேள்வி என்று பட்டது. செய்தி மேசையில் 'மரங்கள் வெட்டப்பட்டன' என்று எழுதி வந்தால், வெட்டியது யார் என்று கேட்டு நிருபருக்கே திருப்பி அனுப்புவோம். இங்கே நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வாசலில் நின்றபடியே குழுவைத் திறந்து, சாய்கோடு போட்டு 'அமைப்பு' என்று எழுதினேன். எந்திரம் உடனே பதில் தந்தது.

முகப்பொலிவு: 70. தொடக்க நிலை: 0. மாற்றியவர் என்று போட்டு, பக்கத்தில் டைரக்டரின் பெயர்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண ஆல்பம் திறந்திருந்தது. மணப்பெண்ணின் கன்னத்தை அவர் சுட்டியால் தடவிக்கொண்டிருந்தார். தடவிய இடம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"முகப்பொலிவு எழுபது வெச்சது நீங்களா?"

"ஆமா அக்கா." அவருக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை. "எழுபது கொஞ்சம்தான். கல்யாணத்துக்கு எம்பத்தஞ்சு வெப்பேன்."

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கப்பிடாது அக்கா. அதாக்கும் காரியம். பெண்ணுக்க அம்மை வந்து, எனக்க மகளைக் கொஞ்சம் வெளுப்பிச்சுத் தாங்கன்னு வாய் தொறந்து கேக்கணுமா? அவங்களுக்குக் கொறச்சில் இல்லியா? நாம கண்டறிஞ்சு செய்யணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி. எனக்க கல்யாண ஆல்பத்துல எனக்கே நான்தான் வெளுப்பிச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவருடைய தொழில் மரியாதை. விருந்துக்கு வந்தவருக்குக் கேட்காமலே இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவது போல. குழுவைத் தொடங்கிய அன்றைக்கே, மைனியின் படங்களை ஏற்றியவுடன், கை தானாகப் போய் அந்த எண்ணை மாற்றியிருக்கிறது. நான் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்த எந்திரம் ஒரு பாவமும் அறியாதது.

"மைனி மணப்பெண்ணு இல்ல. இது கல்யாணமும் இல்ல," என்றேன். "பூஜ்ஜியத்துக்கு மாத்துங்க."

அவர் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். "மாத்தலாம் அக்கா. ஆனா ஒரு சங்கதி உண்டு. நாலு ஸ்டில் நான் நேத்தே புரொடியூசருக்கு அனுப்பியாச்சு."

தயாரிப்பாளர் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். "ஈ குட்டி கொள்ளாம். எவிடுந்நு கிட்டி?" இந்தப் பெண் நன்றாக இருக்கிறாள், எங்கிருந்து கிடைத்தாள் என்று கேட்கிறார். சனிக்கிழமை அவளையும் கூட்டி வரச் சொல்கிறார்.

"அப்பிடி ஒரு குட்டி இல்லியே."

"இல்ல. ஆனா அது மாதிரி ஒருத்தரைக் கண்டுபிடிக்கலாம். காசு போட ஒரு ஆளு கிட்டியிருக்கியது எனக்க ஆயுசுல இப்பதான் அக்கா. படம் நடக்கட்டு. மைனிக்கு வேற வேஷம் குடுக்கலாம். அம்மை வேஷம் எழுதிச் சேக்கலாம்."

"யாருக்க அம்மை?"

அவர் மணப்பெண்ணின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் குட்டிக்க அம்மை."

இல்லாத ஒருத்திக்கு இருக்கிற ஒருத்தி அம்மா. ஸ்டுடியோவை விட்டு இறங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்று, குழுவைத் திறந்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கினேன். குழுவில் இருக்கும் யாரும் அதை மாற்றலாம். வீடு வந்து சேர்வதற்குள் அது மறுபடி எழுபது. நான் பூஜ்ஜியம். அவர் நாற்பது. நாற்பது என்பது அவருடைய சமாதானப் பேச்சு. நான் பூஜ்ஜியம். ஒவ்வொரு மாற்றத்தையும் எந்திரம் எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. மைக்செட் கடைக்காரருக்கு அது ஏலம் போலப் பட்டது: "என்ன இது, லேலமா? யாருக்கு உறச்சது?"

எனக்குச் சமாதானத்தில் நாட்டமில்லை. நாற்பது என்றால் மைனியில் நூற்றுக்கு நாற்பது பங்கு வேறு யாரோ. பூஜ்ஜியத்திலிருந்து ஓர் எண் மேலே போனாலும் அது என் மைனியைத் திருத்துவதுதான். திருத்த அங்கே பிழை எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மைனியிடம் சொன்னேன். எழுபது, கல்யாண மரியாதை, குட்டி, அம்மை வேஷம், ஒன்றையும் விடவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பூஜ்ஜியம் வெச்சா என்ன வரும்?"

"நீங்க வருவீங்க."

"அப்ப வெய்யி. கையைக் கழுவீட்டு வாறேன்." இரண்டு அடி நடந்து நின்றார். "இல்ல, கழுவல்ல. இங்க கொண்டா. நான் சொல்லியேன்."

குரலைக் கேட்டு எழுதும் பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். மைனி கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சபையில் அறிவிப்பு வாசிக்கும் அதே குரல். அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்றது.

"ஸ்டில். அம்பத்தாறு வயசுப் பெண்ணு. நிறம் கறுப்பு. நெற்றியில ஒண்ணும் இல்ல."

"மைனி, இல்லைன்னு சொன்னா வந்துரும்."

"அப்ப அதை விடு. கையில அண்டிக்கறை. மைக்கை இறுக்கிப் பிடிச்சிருக்கா. சிரிக்கல்ல."

"மைனி, அதும் அப்பிடித்தான்."

"சவம், இதுக்கு ஒண்ணும் சொல்ல ஒக்கியதில்லியே. வாயை மூடியிருக்கா. போதுமா?"

பதில் வரவில்லை. சாய்கோட்டை நான் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்து அனுப்பியதும் ஸ்டில் வந்தது. ஐம்பத்தாறு வயது, கருத்த நிறம், மைனியின் முகம். ஆனால் விரல் நுனிகளில் அழகாகச் சிவந்த மருதாணி.

"மயிலாஞ்சி இட்டு உட்டிருக்கு!" மைனி துவைகல்லில் அடித்துச் சிரித்தார். "எனக்கு இந்த வயசுல மயிலாஞ்சி!"

அண்டிக்கறை என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. உலகத்தில் யாரும் அதைப் படம் பிடித்துக் குறிப்பு எழுதி வைத்திருக்கமாட்டார்கள். பெயரை விட்டுவிட்டுப் பொருளை எழுதினேன்: பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சூடான எண்ணெய் பட்டுக் கருத்துத் தடித்த தோல், வெடித்த நகம், வேண்டாதவை: மருதாணி. அதை வரியின் நடுவிலிருந்து எடுத்து முதலில் வைத்தேன். கை முதலில், முகம் பிறகு.

வந்த படத்தில் ஜீப்பின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. பேசப் போகிறாளா, பேசி முடித்துவிட்டாளா என்று சொல்ல முடியாது. விரல்கள் கருப்பாக இருந்தன. காதோரம் நரை. இடது புருவத்துக்கு மேலே மைனிக்கு இருக்கும் மரு, அதே இடத்தில்.

மைனி கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்தும் பார்த்தார்.

"இதாக்கும் நான்," என்றார். "இதை அவனுக்கு உடு. அம்மை வேஷத்துக்கு ஆளு வேணும்னா அவனுக்க அம்மைகிட்ட போய்க் கேக்கச் சொல்லு."

குழுவில் போட்டேன். முதலில் எழுதியது மைக்செட் கடைக்காரர்: "அய்யோ, இது நம்ம அக்கா இல்லியா! இவ்வளவு நாளு நீங்க காட்டினது யாருன்னு நானும் யோசிச்சேன்." டைரக்டர் படத்தைப் பார்த்துவிட்டார் என்று திரை காட்டியது. பிறகு ஒரே வரி: "சனிக்கிழமை காலத்த பஸ்ஸுக்கு வாங்க. மைனியும்." எண்ணை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

பத்து ஸ்டில்லையும் பூஜ்ஜியத்தில் எடுத்தேன். அச்சுப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதற்கு எழுதிய முழு ஆணையையும், முகப்பொலிவு பூஜ்ஜியம் என்பதையும் சேர்த்தேன். டைரக்டர் அது வேண்டாம் என்றார். யாரும் ஸ்டில்லுக்குக் கீழே இப்படி எழுதுவதில்லை என்றார். எழுதாமல் நான் எந்தப் படத்தையும் வெளியே அனுப்பியதில்லை. எழுதியது எழுதியபடியே போயிற்று.

சனிக்கிழமை மைனி அரைநாள் விடுப்பு எடுத்து, சபைக்கு உடுத்தும் சேலையில் வந்தார். தயாரிப்பாளரின் அறை குளிராக இருந்தது. இன்னும் ஒருத்தி வருவாள் என்பது போல, அவர் எங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"குட்டி வந்நில்லே?"

டைரக்டர் ஸ்டில்களை மேசையில் வைத்தார். தயாரிப்பாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மைனியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததில் விரலை வைத்து, இந்தப் பூஜ்ஜியம் என்ன என்று மலையாளத்தில் கேட்டார். டைரக்டர் விளக்கினார், எழுபதையும் சேர்த்துத்தான் விளக்கினார். கேட்டு முடித்துவிட்டுத் தயாரிப்பாளர் சொன்னார், எழுபதே போதும், அந்தக் குட்டியையே வைத்துக்கொள்வோம்.

மைனி மலையாளத்தில் சொன்னார்: "அங்ஙனெ ஒருத்தி இல்ல சாரே. அவள்க்கு ரேஷன் கார்டு போலும் இல்ல." அப்படி ஒருத்தியே கிடையாது, ரேஷன் கார்டுகூட இல்லாதவள் என்றார்.

தயாரிப்பாளர் நன்றாகச் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. தேநீர் வரவழைத்தார். ரேஷன் கார்டு உள்ள ஒருத்தியைக் கொச்சியிலிருந்து கொண்டுவந்துவிடலாம் என்றார். டைரக்டர் மைனியிடம் கடைசியாக ஒன்று கேட்டார். "மைனி, அந்த ஜீப்பிலேருந்து எறங்கிய சீன், ஒருக்கா சொல்லுங்க."

மைனி தேநீரைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே சொன்னார். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. வெளியே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் தலையாட்டினார்.

"சவுண்ட் கலக்கி," என்றார். "டப்பிங்கினு சேச்சியெ விளிக்காம்." முகம் அந்தக் குட்டிக்கு. குரலுக்கு மட்டும் இவரைக் கூப்பிடலாம். அவர் அதை ஒரு பரிசு போலத்தான் நீட்டினார்.

மைனி இந்த முறை மலையாளத்துக்கு மாறவில்லை.

"எனக்க சத்தம் வேணும்னா அது எனக்க வாயிலேருந்துதான் வரும்," என்றார். "வேற வாயில வெக்கியதுக்கு நான் ஒண்ணும் செத்துப்போகல்ல."

டைரக்டர் எழுந்தார். அவர் தயாரிப்பாளரிடம் கோபமாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவர் பேசவும் இல்லை. பத்து ஸ்டில்லையும் அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, பைக்குள் வைத்தார். "வரட்டே சார்" என்று விடைபெற்றார்.

திரும்பி வந்த பஸ்ஸில் மைனிக்கு ஜன்னல் சீட். டைரக்டர் எங்களுக்கு முன்சீட்டில். பாலராமபுரம் தாண்டியதும் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"கர்க்கடக மாசம் கல்யாணம் இல்ல அக்கா. கேமரா சும்மாதான் கெடக்கும். லைட்டும் சும்மா. நானும் சும்மா." கர்க்கடகம் என்றால் மலையாளத்து ஆடி.

"அண்டியாப்பீஸ் சும்மா கெடக்காது," என்றார் மைனி. "எனக்கு ஞாயிறாச்சதான் ஒழிவு. ஆராதனை கழிஞ்சு வாறேன். மத்தியானம் எல்லாருக்கும் சோறு நீ குடுக்கணும்."

"குடுக்கியேன்."

"மீன் உண்டா?"

"உண்டு மைனி."

"கல்யாண ஆல்பம் மாதிரி ஆயிரும்னு சொன்னியே?"

"ஆகட்டு," என்றார் அவர். "பாப்போம்."

கர்க்கடகத்தின் முதல் ஞாயிறு மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஜீப்பைப் பெருங்கடவிளைச் சாலையில் நிறுத்தி, பகல் ஒரு மணிக்குத் தொடங்கினோம். இருட்டுவதற்குள் நான்கு ஷாட் எடுத்தோம். நான்கிலும் மைனி இருக்கிறார்.